எட்டு நாள் கோடு

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அதை எழுதிவிட்டு, இந்தக் கோபம் எதற்கு என்று யோசித்து, அடித்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதுகிறேன். நல்லவளா, கல்நெஞ்சக்காரியா, கொஞ்சம் மண்டை குழம்பியவளா என்று யாராவது கேட்டால் மூன்றுக்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அக்கா. கெடாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வீட்டுக்காரருக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை. எந்த வேகன் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று அதன் மேல் சாக்கட்டியால் எழுதுவார். என் வீட்டுக்காரர் பார்சல் ஆபீஸ். இரண்டு வீடும் ஒரே அளவு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, அதை ஒட்டிச் சமையல்கட்டு. ஜன்னல்கூட அதே இடத்தில்தான் இருக்கும்.

நான் குடிவந்த மூன்றாம் நாள் பாலுக்கு உறை மோர் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூடத்து மூலையில் தரையில் சாக்கட்டியால் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. வெறும் வட்டம். யாரோ கோலம் போட ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அரைகுறைக் கோலத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சாக்கட்டி வேறு பக்கத்திலேயே கிடந்தது. உட்கார்ந்து வட்டத்துக்குள் எட்டு இதழ் வைத்து, இதழுக்கு இதழ் ஒரு புள்ளியும் வைத்து முடித்து நிமிர்ந்தேன். அக்கா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, என் அண்டாவுக்குள்ள பூ போட்டுட்ட?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினாள். அவளுக்கு ஒரு அண்டா வாங்கலாம் என்று எண்ணம் வந்திருந்தது. எண்ணம் வந்தால் வாங்கிவிடுவது என் வழக்கம். அவள் கடைக்கு ஒரு கயிற்றோடு போவாள். சாமானின் அடிப்பாகத்தைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, அது எங்கே உட்காரப்போகிறதோ அங்கே அதே அளவில் ஒரு கோடு. எட்டு நாள் அந்தக் கோடு அங்கே இருக்கும். சாமான் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு எல்லாரும் சுற்றிச் சுற்றித்தான் நடக்கவேண்டும். அவசரத்தில் யாராவது உள்ளே காலை வைத்துவிட்டாலோ, உட்கார்ந்து கீரை ஆய அந்த இடம் வேண்டியிருந்தாலோ, முடிந்தது. ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்துவிடுவாள்.

"பொடவைக்கு எப்டிக்கா கோடு போடுவீங்க?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பொட்டில ஒரு பழைய துண்ட மடிச்சி வெச்சிடுவேன். எட்டு நாளும் பொட்டி அழுத்தாம மூடினா எடுப்பேன்," என்றாள். கிண்டல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அண்டா வாங்கவில்லை. நான் பூப் போட்டது காரணமில்லையாம். ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, நேராக வட்டத்துக்குள் உட்கார்ந்து சோறு கேட்டிருக்கிறார். அங்கேதான் காற்று வருகிறதாம்.

ஒருமுறை அவளோடு கடைத்தெருவுக்குப் போனேன். பாத்திரக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா கவலைப்படாமல் ஒரு தவலையைக் கவிழ்த்து அடியில் கயிற்றைப் பிடித்தாள்.

"எம்மா, இதோட நாலாவது தபா இதே தவலைய அளந்துக்கினு போறீங்க. தவல இன்னும் வளரலைங்க," என்றார் அவர்.

"என் வூடும் வளரலைங்க. அதான் பாக்கறேன்," என்றாள் அக்கா.

அதற்குள் நான் இரண்டு பித்தளைத் தூக்கு வாங்கியிருந்தேன். ஏன் இரண்டு என்று அவள் கேட்கவில்லை. வழி முழுக்கக் கேட்காமலே வந்தாள். கேட்டிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். லெவல் கிராசிங் தாண்டும்போது தாங்கமாட்டாமல் நானே, "ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இருக்குமில்லக்கா," என்றேன்.

"பித்தள எப்டி ஒடையும்?" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுதும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. பார்சல் ஆபீசில் யாரும் வந்து எடுத்துப்போகாத சாமான்களை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். முதல் நாளே என் வீட்டுக்காரர் வந்து என்னென்ன கிடக்கிறது என்று சொல்லுவார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி வந்ததுதான் பாதிக் கட்டை பேசாத ஆர்மோனியம், சாவியில்லாத மூன்று டிரங்குப் பெட்டி, வெள்ளைக்காரர்கள் தொப்பி மாட்டுகிற மரம். எங்கள் வீட்டில் யாருக்கும் தொப்பி கிடையாது. அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த புதுச்சேரிக்குப் போனால் பீங்கான் கிண்ணம் வாங்குவேன். திரும்பும்போது கிளியனூர்ப் பக்கம் சுங்கக்காரன் வண்டியை நிறுத்திச் சோதிப்பான் என்று மடியில் மறைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொண்டுவந்த ஆறு கிண்ணம் என்னிடம் இருந்தது. அதில் ஒரு நாளும் யாரும் எதுவும் குடித்ததில்லை. அண்டா மட்டும் நான்கு. எதற்கு நான்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, பிள்ளைகள் கல்யாணத்துக்கு வேண்டாமா என்றேன். எங்களுக்கு அப்போது பிள்ளையே பிறக்கவில்லை.

வாங்கும்போது இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. புதுச் சாமானைக் கூடத்தில் வைத்து, துடைத்து, தள்ளி நின்று பார்ப்பேன். அந்த ஒரு நாள் எனக்குப் போதும். மறுநாள் அதன்மேல் வேறொன்று ஏறியிருக்கும்.

அக்கா ஒரே ஒரு தடவை ஏலத்துக்கு வந்தாள். உள்ளங்கை அகலத்தில் வட்டமாகப் பித்தளையில் ஒன்று கிடந்தது. மேலே கண்ணாடி, உள்ளே ஒரு முள். கடிகாரமும் இல்லை, தராசும் இல்லை. என்னவென்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. அக்கா அதைக் கயிற்றால் அளந்துகொண்டு, "எட்டு நாள் கழிச்சி வர்றேங்க," என்று ஏலம் விடுகிறவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆபீசே சிரித்தது. யாரும் அதை ஏலம் கேட்காததால் அது அங்கேயே கிடந்து, அடுத்த ஏலத்தில் அவளுக்கே வந்தது. கூடத்துச் சுவரில் கோடு போட்டிருந்த இடத்தில் மாட்டினாள்.

"இது எதுக்குக்கா?" என்றேன்.

"தெரியலம்மா. பாக்கணும்போல இருக்கு. எட்டு நாளும் இருந்திச்சு," என்றாள்.

அண்டா வேண்டாம், தவலை வேண்டாம், எதற்கென்றே தெரியாத பித்தளை முள் வேண்டும். இவளை என்னவென்று எடுத்துக்கொள்வது? தினமும் அதைத் துடைப்பாள். முள் நகர்ந்தால், "இன்னிக்கு இந்தப் பக்கம் வந்துக்கிது பாரு," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காது, தீப்பெட்டி கிடைக்காது, துணி கிடைக்காது என்று தினமும் ஒரு வதந்தி. குவார்ட்டர்ஸே ஓடி ஓடி வாங்கியது. அதில் முதலாவதாக ஓடியவள் நான். டின் டின்னாக வாங்கி, கட்டிலுக்கடியில் தள்ளி, அங்கே இடம் போதாமல் கட்டிலையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு டின்களை அடுக்கினேன். நாங்கள் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். அக்கா எப்போதும்போல ஒரு புட்டி மண்ணெண்ணெய், ஒரு தீப்பெட்டி.

பத்து நாள் கழித்து வாசலில் வந்து நின்றாள். "தங்கச்சி, ஒரு நெருப்புப் பெட்டி குடேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏன்க்கா, நீங்க வூட்ட தொடச்சி வெச்சிக்கினு இருப்பீங்க, நாங்க குப்பையில கெடக்கணும், உங்களுக்கு வேணும்னா எங்க வூடு கடையா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தாள். "ஆமாம்மா. உன் அண்டாவகூட மூணு தபா எடுத்துக்கினு போயிருக்கேன். ரெண்டு வூட்டுக்கு ஒரு அண்டா போதும்னு நெனச்சேன். உனக்கு அது பேஜாரா இருக்கும்னு தோணல," என்றாள். அண்டாவைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மல்லாட்டைக் கடலையோ மாங்காயோ வைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள், அதையும் சொல்லவேண்டும். நான் இரண்டு தீப்பெட்டி கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். திருப்பிக் கொடுத்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒலக்கூரிலிருந்து கார்டு வந்தது. என் அப்பா அங்கே தனியாக இருந்தார். அம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அப்பாவுக்கு நான் ஒரே பெண். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, வரப்பு தெரியாமல் இரண்டு முறை விழுந்துவிட்டார் என்று பங்காளி வீட்டில் எழுதியிருந்தார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காட்டி அறுத்துக் கட்டவேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் நீ வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கடைசி வரி.

"எங்க படுப்பாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கேட்டதில் தப்பில்லை. கூடத்தில் டிரங்குப் பெட்டிகள், ஆர்மோனியம், தொப்பி மரம், அண்டாக்கள். அறையில் டின்கள். நடுவில் நாங்கள் இரண்டு பேர் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்குத்தான் தரை தெரியும். நான் அழுதேன், கத்தினேன். என் அப்பா வருவது உங்களுக்குப் பாரமா என்றேன். அவர், "நான் பாரம்னு சொல்லல, எடம் எங்கன்னு கேட்டேன்," என்றார். நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர். இங்கே தும்மினால் அக்கா வீட்டில் கேட்கும்.

அப்பாவுக்காக இடம் பண்ணத்தான் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். இந்தப் பெட்டியை அங்கே வைத்தேன், அங்கே இருந்ததை இங்கே வைத்தேன். எதைத் தூக்கினாலும், இது போனால் இனி கிடைக்காதே என்று கை நின்றுவிடும். அப்பா வருகிறார், அப்பா வருகிறார் என்று சொல்லிக்கொண்டே பீங்கான் கிண்ணங்களைத் துடைத்துத் திரும்ப அடுக்கிவைத்தேன். எனக்கு என்ன ஆகியிருந்தது என்று இப்போதும் விளங்கவில்லை.

அதே வாரம் குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு கிளம்பியது. அக்கா கூடத்தில் ஆள் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறாள், யாருக்கோ ஏதோ சூனியம் வைக்கிறாள், ஜாக்கிரதை என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஆறடிக்கு இரண்டரையடி. ஜன்னலுக்குக் கீழே.

"கட்டிலுக்கு," என்றாள்.

"யாருக்குக்கா கட்டிலு?"

"பாக்கலாம்," என்றாள். அவளுக்கு ஒரே மகள், அவளையும் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இருக்கிற இரண்டு பேரும் பாயில் படுக்கிறவர்கள்.

அப்பா பாசஞ்சரில் வந்தார். ஆஸ்பத்திரியில் அறுத்து, இரண்டு கண்ணையும் கட்டி, வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மருந்து விட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். சமையல்கட்டு வாசலில் அவருக்குப் பாயை விரித்திருந்தேன். மறுநாள் விடிகாலையில் கொல்லைக்குப் போக எழுந்தவர், என்னை எழுப்பவேண்டாம் என்று தானே தடவிக்கொண்டு போயிருக்கிறார். ஆர்மோனியத்தில் முழங்கால் இடித்து, அண்டா மேல் சரிந்து, அண்டா உருண்டு, அவர் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிழிந்துவிட்டது. கண் கட்டு அவிழாததுதான் அதிர்ஷ்டம்.

"இன்னா பாப்பா இது, வூடா கடையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, ஏந்திருங்க. மெதுவா வாங்க. அங்க எடம் இருக்கு," என்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன வாய் இருந்தது? அவள் போட்ட கோட்டுக்குள் ஒரு பாயை விரித்து அவரைப் படுக்கவைத்தாள். கட்டில் கடைசிவரை வாங்கவே இல்லை.

நாற்பது நாள் என் அப்பா அடுத்த வீட்டில் இருந்தார். சோறு நான்தான் கொண்டுபோவேன். போகும்போதெல்லாம் பார்ப்பேன். முதல் வாரம் சுவரைப் பிடித்து நடந்தார். அடுத்த வாரம் கையை விட்டுவிட்டார். பாயிலிருந்து எண்ணி ஏழு எட்டு எடுத்து வைத்தால் தண்ணீர்ப் பானை, அங்கிருந்து திரும்பி ஐந்து எட்டு கொல்லைக் கதவு. யாரையும் கூப்பிடாமல் போவார், வருவார். கண் கட்டியிருப்பதே மறந்துபோகும் அளவுக்கு நடந்தார். என் வீட்டில் முழுக் குருடராக இருந்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்ததா, வயிற்றெரிச்சலாக இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான். என்னைப் 'பாப்பா' என்பார், அவளைக் 'கெடாரம்மா' என்பார். 'கெடாரம்மா' என்று கூப்பிடும்போது குரலில் ஒரு நிம்மதி இருக்கும். நான் சோற்றை வைத்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுவேன்.

கட்டு அவிழ்த்த நாள் நானும் அக்காவும் கூடப் போனோம். டாக்டர் ரொம்ப நேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே நரம்பே பட்டுப்போயிருக்கிறது, பூவை எடுத்தும் பிரயோஜனமில்லை, இனி பார்வை வராது என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் வண்டியில், "பாப்பா, நான் இனிமே ஒலக்கூர் போவ முடியாது, இல்ல?" என்று மட்டும் கேட்டார். நான், "நீ எங்கயும் போவ வேணாம்பா," என்றேன். சொல்லிவிட்டு, எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா வைத்துக்கொள்வாள் என்று மனசின் மூலையில் ஒரு நினைப்பு இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் அக்கா வந்தாள். கையில் கயிறும் சாக்கட்டியும்.

"தங்கச்சி, எம் பொண்ணு பிரசவத்துக்கு வருது. எட்டு நாள்ல வந்துடும். எனக்கு அந்த எடம் வேணும்," என்றாள்.

"அக்கா, கண்ணில்லாதவர எங்க இட்டுக்கினு போவேன்?"

"இங்கதான்."

"இங்க எங்கக்கா? இந்தப் பெட்டிங்களயாவது கொஞ்ச நாளைக்கு உங்க கூடத்துல வெச்சிக்குங்க. அவ்ளோ எடம் காலியாக் கெடக்குதே."

"காலியா இல்லம்மா. அது நாங்க பொழங்கற எடம்," என்றாள்.

பிறகு ஒரு வேலை செய்தாள். என் கூடத்து ஜன்னலுக்குக் கீழே வந்து கயிற்றைப் பிடித்தாள். தரையில் கோடு போட இடமில்லை. அதனால் சாமான்கள் மேலேயே போட்டாள். இரண்டு டிரங்குப் பெட்டி மேல் ஏறி, அண்டா மூடி மேல் வளைந்து, ஆர்மோனியத்தின் முதுகு வழியாக இறங்கி, ஆறடிக்கு இரண்டரையடி வெள்ளைக் கோடு. முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு மனுஷி இருப்பாளா, நாற்பது நாள் தாங்கிவிட்டு இன்றைக்குத் தள்ளிவிடுகிறாளே என்று வாய்விட்டே திட்டினேன். நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர்தான். அவளுக்குக் கேட்டிருக்கும்.

எட்டு நாள். முதல் நாள் கோட்டுக்கு அடியில் இருந்ததை மட்டும் எடுத்து மற்றச் சாமான்கள் மேல் ஏற்றினேன். அக்கா எட்டிப் பார்த்து, "படுக்க எடம் ஆச்சு. எப்டி நடப்பாரு?" என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கண்ணில்லாதவருக்குப் பாய் அளவு இடம் போதாது, பாயிலிருந்து பானைக்கு, பானையிலிருந்து கதவுக்கு வழி வேண்டும். இரண்டு அண்டாவை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தேன். மண்ணெண்ணெய் டின்களையும் டிரங்குப் பெட்டிகளையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அந்த வாரம் குவார்ட்டர்ஸில் என்னைவிட நல்லவள் யாருமில்லை. தொப்பி மரத்தை என் வீட்டுக்காரர் ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு போனார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவரையும் திட்டினேன். ஆர்மோனியம் போனபோது உட்கார்ந்து அழுதேன். எனக்கு வாசிக்கவே தெரியாது.

சாமான் போனால் மனசு லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. வீட்டில் திருடன் புகுந்ததுபோலத்தான் இருந்தது. பேசினால் எதிரொலித்தது. ராத்திரி எழுந்தால், பெட்டிகள் இன்னும் இருப்பதாக நினைத்துச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தாளா என்று கேட்பீர்கள். அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கேட்டால், "திண்டிவனத்துலயே பாத்துக்கினாங்களாம்மா," என்றாள். பேரனா பேத்தியா என்றால் பேச்சை மாற்றிவிட்டாள். மகள் உண்டாகவே இல்லையா, உண்டாகிக் கலைந்து, அதைச் சொல்ல முடியாமல் இருந்தாளா? இரண்டாவது என்றால் நான் அவளைத் திட்டிய திட்டுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. முதலாவது என்றால் அவள் என்னிடம் பொய் சொன்னாள். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போகும்போது அவர்கள் சாமான் முழுதும் ஒரே கைவண்டியில் அடங்கியது. அவள் அதன் பின்னாலேயே நடந்து போனாள். அப்போதும் நான் கேட்கவில்லை.

நான் சொல்லவந்தது எட்டாம் நாளைப் பற்றி. அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு, அப்பாவை நேராக என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவருக்குப் பழகியபடியே இருக்கட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே பாய், ஏழு எட்டில் பானை எல்லாம் அதேபோல வைத்திருந்தேன். அலைச்சலோ என்னவோ, அப்பா வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டார். சாயந்தரம் எழுந்தார். எழுந்தவர் நேராக ஏழு எட்டு வைத்துப் பானைக்குப் போனார். எதிலும் இடிக்கவில்லை. நான் டம்ளரில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தேன்.

"கெடாரம்மா," என்றார்.

அக்கா வந்திருக்கிறாளோ என்று வாசலைப் பார்த்தேன். யாருமில்லை.

"எம் பொண்ணு மேல வருத்தம் வெச்சிக்காதீங்கம்மா. தாயில்லாம வளந்த புள்ள. திருநாளு பெருநாளுன்னா கடத்தெருவுல நின்னு ஒவ்வொண்ணா பாத்துக்கினு நிக்கும். நான் ஜல்தியா கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிடுவேன். ஒரு வளையல்கூட வாங்கிக் குடுத்ததில்ல. இப்ப அது வாங்குதுன்னா நான் குடுக்காததுக்குத்தான் வாங்குது."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"அது வூட்ல எனக்கு எடம் ஆயிடிச்சாம்மா?" என்றார்.

"ஆயிடிச்சுங்க," என்றேன். அக்கா பேசுகிற மாதிரி மெதுவாக, 'ங்க' போட்டு. நான்தான்பா, இது என் வீடுதான்பா என்று ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நாளைக்கு இட்டுக்கினு போயி வுட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டி, ஏழு எட்டு நடந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப்போனேன். அக்கா வீட்டைத் தாண்டி, தெருக்குழாய் வரை நடத்திக் கூட்டிப்போய், அங்கே கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன். பிறகு திரும்பி வந்து, "வாப்பா, நம்ம வூடு," என்றேன். அப்பா வாசற்படி ஏறினார். உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பெட்டி எதையோ தாண்டப்போகிறவர் மாதிரி காலை உயரத் தூக்கினார். தூக்கிய கால் வெறுந்தரையில் இறங்கியது. இன்னொரு காலையும் அப்படியே தூக்கி வைத்தார். மூன்றாவது அடிக்குத் தூக்கவில்லை.

"நல்லாருக்கு பாப்பா," என்றார்.